நியூட்டன் மேட்டில் நின்ற மதியங்கள்

ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அரசு விடுமுறை. 1775இல் லெக்சிங்டன், கான்கார்ட் ஊர்களில் ஆங்கிலேயப் படையோடு நடந்த முதல் சண்டைகளின் நினைவுநாள் அது. காலண்டரில் தேசபக்தர் தினம் என்று போட்டிருக்கும். பாஸ்டன் வட்டாரத்துப் பேச்சில் அது மாரத்தான் திங்கள். 1897 முதல் அங்கே ஓடுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் உலகிலேயே பழையது அதுதான்.

அந்த ஊரில் நாங்கள் குடியிருந்த வருஷங்களில் தீபாவளியும் பொங்கலும் வீட்டுக்குள்ளேயே வந்து வீட்டுக்குள்ளேயே போயின. வெளியே குளிர். அடுத்த வீட்டுக்காரருக்கு அது சாதாரண செவ்வாயோ புதனோ. தெருவில் இறங்கி, ஊரோடு ஊராக நின்று நான் கொண்டாடிய ஒரே திருநாள் அந்த ஏப்ரல் திங்கள்தான். நான் ஓடியவள் இல்லை. ஓடிய சிநேகிதர்களுக்காகத் தெருவோரத்தில் நின்றவள். கோவைக்குத் திரும்பிய பிறகு, அங்கே விட்டுவிட்டு வந்தவற்றில் வேறு எதற்கும் நான் இவ்வளவு ஏங்கியதில்லை. மேப்பிள் மரங்களின் சிவப்பும், முதல் பனி விழுந்த காலைகளும், வாரம் தவறாமல் போன நூலகமும் நினைவில் மங்கிக்கொண்டு வருகின்றன. அந்தத் தெருவோரம் மங்கவில்லை.

ஓட்டம் பாஸ்டனில் தொடங்குவதில்லை. மேற்கே ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி ஆஷ்லண்ட், ஃப்ரேமிங்ஹாம், நாட்டிக், வெல்லஸ்லி, நியூட்டன், புரூக்லைன் வழியாக வந்து பாஸ்டனின் பாயில்ஸ்டன் தெருவில் முடிகிறது. மொத்தம் 42.195 கிலோமீட்டர். அன்று காலையில் ஓடுகிறவர்களை மஞ்சள் நிறப் பள்ளிக்கூடப் பேருந்துகளில் ஏற்றி ஹாப்கின்டனில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே பள்ளி மைதானத்தில் தங்கள் முறை வரும்வரை குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகப் பழைய ஸ்வெட்டர், சாயம் போன கால்சட்டை என்று எதையாவது மேலே மாட்டிக்கொண்டு போய், தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தத் துணிகளைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏப்ரல் பிறந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் என் கணவரின் பழைய ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் குறையும்.

எங்கள் சிநேகிதக் கூட்டத்தில் ஓடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மன்னார்குடிக்கார அக்கா. நாற்பதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஓடப் பழகியவர். இன்னொருவன் ஈரோட்டுத் தம்பி. பாஸ்டனில் ஓட ஆசைப்பட்டால் மட்டும் போதாது. வேறொரு மாரத்தானில், நம் வயதுக்கு என்ன நேரம் விதித்திருக்கிறார்களோ அதற்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். அப்படி ஓடியவர்களிலும் வேகமானவர்களுக்கே இடம். இல்லையென்றால் ஒரு தொண்டு அமைப்புக்காகப் பல ஆயிரம் டாலர் நன்கொடை திரட்ட வேண்டும். அக்கா முதல் வழியில் உள்ளே போனார். தம்பி இரண்டாவது வழியில் போனான். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவன் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி வாசலில் உண்டியலோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஜனவரியில், நடைபாதையெல்லாம் உறைந்து வழுக்கும் காலத்தில், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் ஓடப் போவார்கள். ஏப்ரலில் நாம் பார்ப்பது ஒரு பகல். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு முழுக் குளிர்காலம். தெருவோரத்தில் நின்று கத்துகிறவர்கள் அந்தக் குளிர்காலத்தைச் சேர்த்துத்தான் கத்துகிறார்கள்.

நாங்கள் நின்ற இடம் நியூட்டன், காமன்வெல்த் அவென்யூ. 16ஆம் மைலுக்கு மேல் அந்த ஊரில் அடுத்தடுத்து நான்கு மேடுகள். கடைசி மேடு 20, 21ஆம் மைல்களுக்கு நடுவே வருகிறது. ஹார்ட்பிரேக் ஹில் என்று உலகம் முழுக்க ஓடுகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். உண்மையில் அதன் ஏற்றம் 100 அடிகூட இல்லை. மருதமலைப் படியேறிப் பழகிய கால்களுக்கு அது மேடாகவே படாது. ஆனால் நம் தசைகளும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, நீண்ட ஓட்டத்தில் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகத் தொடங்கும். அதற்குப் பிறகு உடம்பு நின்றுவிடச் சொல்லும், மனசு தள்ளிக்கொண்டு போக வேண்டும். சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கிறது இந்த மேடு. போதாததற்கு அதுவரை பாதை பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் இறங்கி இறங்கித் தொடைகள் முன்பே நொந்து போயிருக்கும்.

பெயர் வந்த கதை 1936ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு வென்ற ஜானி கெல்லி, முன்னால் ஓடிக்கொண்டிருந்த டார்சன் பிரவுனை அந்த மேட்டில் எட்டிப் பிடித்தார். தாண்டும்போது ஆறுதலாக அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டில் சூடேறிய பிரவுன் மறுபடி வேகமெடுத்து ஓடி வென்றுவிட்டார். கெல்லி ஐந்தாவதாக வந்தார். கெல்லியின் இதயம் நொறுங்கிய இடம் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுத, அதுவே பெயராக நின்றுவிட்டது. கெல்லி ஓய்ந்துவிடவில்லை. 1945இல் மறுபடி வென்றார். மொத்தம் 61 முறை பாஸ்டனில் ஓடத் தொடங்கினார். கடைசியாக ஓடியது 1992இல், 84 வயதில். மேட்டுக்குச் சற்று முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. இளைஞர் கெல்லியும் கிழவர் கெல்லியும் கைகோத்து ஓடிவரும் சிலை. அந்தச் சிலையைத் தாண்டி, மேடு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் இடம்.

தெருவோரத்தில் நிற்பதற்கும் ஒரு படிப்பு உண்டு. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சின்ன வயதிலிருந்து அதே தெருவில் நின்று பார்த்தவர். தெருவின் எந்தப் பக்கம் நிற்போம் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துவிட வேண்டும் என்றார். இடதா வலதா என்று தெரியாவிட்டால், களைத்துப்போனவர் இரண்டு பக்கமும் தேடித் தேடியே இன்னும் களைத்துப்போவார். தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி ஏதாவது அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் என் மஞ்சள் துப்பட்டாவை ஒரு நீளமான துடைப்பக் கட்டையில் கட்டி உயர்த்திப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தத் துப்பட்டாதான் கொடி. இன்னொன்றும் சொன்னார்: 'கிட்டத்தட்ட வந்துவிட்டாய்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே, 20ஆம் மைலில் யாரும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடு, அது போதும்.

பெயருக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஓடுகிறவர்கள் பலர் தங்கள் பெயரைச் சட்டையிலோ கையிலோ பெரிதாக எழுதிக்கொண்டு வருவார்கள். தெருவில் நிற்கும் ஆயிரம் பேரும் அதைப் படித்துக் கத்துவார்கள். எங்கள் அக்காவின் பெயர் கொஞ்சம் நீளம். அமெரிக்க வாயில் அது உடைந்துவிடும். நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிறபடியே 'அக்கா' என்று ஆங்கில எழுத்தில் சட்டையின் முன்பக்கம் கறுப்பு டேப்பால் ஒட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் வருவதற்கு முன்னால் அவர் பெயர் வந்தது. நூறு அடிக்கு அப்பால், சிலை இருக்கும் திசையிலிருந்து, கல்லூரிப் பையன்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த அப்பாக்கள், தொப்பி போட்ட கிழவர்கள் எல்லோரும் 'அக்கா! அக்கா!' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சல் ஆளுக்கு ஆள் கைமாறி எங்களை நோக்கி வந்தது. கடைசியில் அக்கா வந்தார். அழுதுகொண்டே ஓடிவந்தார். "ஊரே கூப்பிடுதுடி!" என்றார். மன்னார்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இருபது வருஷம் வரி கட்டி, பிள்ளை வளர்த்த ஊர், முதன்முதலாக அவரை வாய் நிறையக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அக்காவுக்கு நான் எடுத்துப் போகும் பொருள் ஒன்று உண்டு. உப்பு நார்த்தங்காய். வழியெல்லாம் தண்ணீரும் இனிப்பு பானமும் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் இனிப்பையே குடித்தால் வாய் புளித்து, குமட்டிக்கொண்டு வரும். அவர் மாமியார் ஊரிலிருந்து அனுப்பும் காய்ந்த நார்த்தங்காயைச் சுண்டுவிரல் நுனியளவுக்கு நறுக்கி ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பேன். அக்கா வந்து நின்றால் இருபது நொடி. அதற்குள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார், ஒரு துண்டைக் கையில் வாங்கிக்கொள்வார். அந்த இருபது நொடியில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பேன். வியர்வை காய்ந்து, நெற்றியோரமும் காதுக்கு முன்னாலும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். துடைத்துவிட்டால் விரலில் நெருடும். உதடு வெடித்திருக்கும். கண் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

"அக்கா, இன்னும் பத்து கிலோமீட்டர்தான்!"

"தான்னு சொல்லாதடி! மேடு எங்க?"

"இதோ, முன்னாலதான்."

"சரி, சாயங்காலம் ரசம் வையி. வர்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. போய்விடுவார். முதுகு கூட்டத்தில் கலந்து, 'அக்கா! அக்கா!' என்ற சத்தம் மட்டும் மேட்டில் ஏறிப் போகும். அந்த இருபது நொடிக்காகத்தான் காலை 9 மணியிலிருந்து பிளாஸ்கில் காப்பியும் டப்பாவில் புளிசாதமுமாக வந்து நின்றிருப்போம். முதலில் சக்கர நாற்காலி வீரர்கள், தலையைக் குனிந்து, முறுக்கேறிய தோள்களோடு சரேலென்று போவார்கள். பிறகு உலகத்தின் முன்னணி வீராங்கனைகளும் வீரர்களும். அவர்கள் ஓடும்போது காலடிச் சத்தமே கேட்காது. அதற்குப் பிறகு தெரு முழுக்க அடைத்துக்கொண்டு, மணிக்கணக்கில், சுமார் 30,000 பேர். பார்வையாளர்கள் அதைவிடப் பல மடங்கு. எட்டு ஊர்களையும் சேர்த்துச் சுமார் 5 லட்சம் பேர் தெருவோரத்தில் நிற்பதாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தட்டில் ஆரஞ்சுச் சுளைகளை வைத்துக்கொண்டு கையை நீட்டி நிற்பார்கள். யாராவது ஒருவர் ஓடிக்கொண்டே ஒரு சுளையை எடுத்துவிட்டால் போதும், அந்தக் குழந்தைக்கு அன்று முழுக்க அதே பேச்சு. வெயில் அடிக்கும் வருஷமென்றால் தோட்டத்துக் குழாயைத் தெருவுக்கு இழுத்துவந்து சாரலாகப் பீய்ச்சுவார்கள். மாட்டுமணியை ஆட்டுகிறவர்கள், பாத்திரத்தைத் தட்டுகிறவர்கள், குரல் கட்டிப்போய்க் கையை மட்டும் ஆட்டுகிறவர்கள்.

ஓட்டத்தின் பாதித் தூரத்தில் வெல்லஸ்லி பெண்கள் கல்லூரி. அங்கே மாணவிகள் வேலியோரமாகத் திரண்டு எழுப்பும் கூச்சல் வெகுதூரத்திலேயே கேட்டுவிடும் என்று அக்காவும் தம்பியும் சொல்வார்கள். அந்தக் கூச்சலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பெண்களுக்கு மாரத்தான் ஓடும் தெம்பு கிடையாது என்று சொல்லி அனுமதி மறுத்த காலம் அது. 1966இல் பாபி கிப் என்ற இளம்பெண் தொடங்கும் இடத்துக்கு அருகே புதரில் மறைந்திருந்து, ஆண்கள் கூட்டத்தோடு கலந்து ஓடினார். பெண் ஒருத்தி ஓடிவருகிறாள் என்ற சேதி அவருக்கு முன்னால் வெல்லஸ்லிக்குப் போய்விட்டது. மாணவிகள் கத்தித் தீர்த்தார்கள். 3 மணி 21 நிமிஷத்தில் அவர் ஓடி முடித்தார். மறு வருஷம் கேத்ரின் ஸ்விட்சர் 261ஆம் எண்ணோடு ஓடியபோது, போட்டி அதிகாரி ஒருவர் தெருவிலேயே அவரைப் பிடித்து இழுத்து எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். 1972இல்தான் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு 1972 வரை ஆயிற்று. தெருவோரத்தில் நின்றவர்கள் 1966இலேயே முடிவு சொல்லிவிட்டார்கள்.

2013ஐச் சொல்லாமல் பாஸ்டன் தெருவோரத்தைப் பற்றி எழுத முடியாது. ஏப்ரல் 15, பிற்பகல் 2.49. முடிவுக் கோட்டுக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பலருக்குக் கால் போயிற்று. இறந்த மூவரில் ஒருவர்கூட ஓட வந்தவர் இல்லை. மூவரும் பார்க்க வந்தவர்கள். அவர்களில் ஒருவன் 8 வயதுப் பையன். நாங்கள் அந்த ஊருக்குக் குடிபோனது அதற்குப் பிறகு. அங்கே யாரைக் கேட்டாலும் அன்றைக்கு எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்லத் தெரியும். மறு வருஷம் மக்கள் பயந்து வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. வழக்கத்தைவிட அதிகமாக, சுமார் 10 லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவும் அன்று பேரக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, வருகிறவர்களுக்கு யாராவது இருக்க வேண்டாமா என்றார்.

நான் நின்ற வருஷங்களில் உடம்பிலேயே தங்கிவிட்டது 2018. விடியும்போதே மழை. குளிர் 5 டிகிரியை ஒட்டி. எதிர்க்காற்று வேறு. சென்னைப் புயல்மழையை ஐஸ்பெட்டிக்குள் வைத்து அனுபவிப்பதற்குச் சமம். முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகிவிட்டார்கள். பெண்கள் பிரிவில் டெஸ் லிண்டனும், தொடக்கத்திலேயே உடம்பு ஒத்துழைக்கவில்லை, விலகிவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். எப்படியும் விலகத்தானே போகிறோம், அதற்குள் யாருக்காவது உதவலாம் என்று சக வீராங்கனை ஷலேன் ஃப்ளனகனிடம் சொல்லியிருக்கிறார். ஃப்ளனகன் வழியில் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது, லிண்டன் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்து, மறுபடி கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். விலக நினைத்த அந்த லிண்டன்தான் கடைசியில் வென்றார். 1985க்குப் பிறகு பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண். போட்டியில் முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர் தோழிக்காகக் காத்து நின்ற கதை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதே மழையில், ஆஷ்லண்டில் ஸ்பென்சர் என்ற நாய் மழைச்சட்டை போட்டு, வாயில் கொடிகளைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஓடுகிறவர்களுக்கு அதைத் தெரியும், நின்று தடவிக்கொடுத்துவிட்டு ஓடுவார்கள். 2023 பிப்ரவரியில் அது செத்துப்போனபோது உலகம் முழுக்க ஓடுகிறவர்கள் அழுதார்கள்.

அன்றைக்கு அக்கா வழக்கத்தைவிட ரொம்பத் தாமதமாக வந்தார். கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நார்த்தங்காய் உறையைக் கையில் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை. உறையைப் பிடிக்கவும் முடியவில்லை. நானே ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தேன். என் கையுறையைக் கழற்றி அவர் கையில் மாட்டினேன். ஒவ்வொரு விரலாக நுழைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு இருபது நொடி போதவில்லை. "போதும் அக்கா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று என் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொடியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி, தம்பி பின்னால வர்றான், அவன் கண்ணுல படணும்" என்றார். மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

தம்பி வந்தான். அவனுக்கு நார்த்தங்காய் பிடிக்காது. அவனுக்கு என் கணவர் கூடவே ஓட வேண்டும். நடைபாதையில், மழையில், மூச்சிரைக்க, மேட்டின் பாதிவரை அவன் பக்கத்திலேயே ஓடி ஏதேதோ பேசிக்கொண்டே போவார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவருமே சொல்ல மாட்டார்கள்.

நம் ஆட்கள் போன பிறகும் நாங்கள் கிளம்ப மாட்டோம். எதிர்வீட்டு அம்மாவின் கண்டிப்பு அது. முன்னால் போகிறவர்களுக்குக் கத்த ஊரே இருக்கிறது, பின்னால் வருகிறவர்களுக்குத்தான் நாம் வேண்டும் என்பார். நாற்காலிகளை மடக்கிக்கொண்டு ஆட்கள் போய்விடுவார்கள். தெருவெல்லாம் நசுங்கிய காகிதக் கோப்பைகள். நடந்து வருகிறவர்கள், நொண்டிக்கொண்டு வருகிறவர்கள், இறந்துபோன அப்பாவின் படத்தை முதுகில் குத்திக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கத்துவோம். ஒரு பெரியவர் நின்று, தொப்பியைக் கழற்றி எங்களுக்குக் கும்பிடு போடுகிற மாதிரித் தலைகுனிந்துவிட்டுப் போனார். அவர் முடித்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

சாயங்காலம் இருவரும் வெள்ளிப்படலம் போர்த்திக்கொண்டு, கழுத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரை பொறித்த பதக்கத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறுவார்கள். ரசம் சாதம், சுட்ட அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டுக்கொண்டே எந்த மைலில் என்ன நடந்தது என்று சொல்வார்கள். வெல்லஸ்லி எப்படி இருந்தது, கென்மோர் சதுக்கத்தில் சிட்கோ பலகை தெரிந்தபோது எப்படி இருந்தது, ஹியர்ஃபோர்டு தெருவில் வலப்புறம் திரும்பி, பாயில்ஸ்டன் தெருவில் இடப்புறம் திரும்பியதும் காது அடைக்கும் அந்த இரைச்சல் எப்படி இருந்தது. நாங்கள் நியூட்டனைச் சொல்வோம். இரண்டு பக்கத்துக் கதையும் சேர்ந்தால்தான் அந்த நாள் முழுசாகும்.

2019இல் ஊர் திரும்பினோம். மறு வருஷம் கொரோனா. பாஸ்டன் மாரத்தான் தன் சரித்திரத்தில் முதன்முறையாக ரத்தானது. 2021இல் ஏப்ரலுக்குப் பதிலாக அக்டோபரில் நடத்தினார்கள். பிறகு பழையபடி ஏப்ரல். ஆனால் எங்கள் கூட்டம் பழையபடி இல்லை. தம்பி டெக்சாஸுக்கு வேலை மாறிப் போய்விட்டான். எதிர்வீட்டு அம்மா வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் ஓடுகிறார். அங்கே பிற்பகல் 2 மணி என்றால் கோவையில் இரவு 11.30. வீடு தூங்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்க்கிறேன். ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் தரையில் விரித்த பாய்மேல் கால் பட்டதும், சட்டையிலிருக்கும் எண்ணுக்குள் உள்ள சில்லு நேரத்தை அனுப்பிவிடுகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்கிறது. 30 கிலோமீட்டர் தாண்டியதும் என் கை தானாக உயர்கிறது. அந்தப் புள்ளிக்கு உதடு வெடித்திருக்கிறதா என்று தெரியாது. அதற்கு நார்த்தங்காய் கொடுக்க முடியாது. சத்தம் போட்டால் அது திரும்பிப் பார்க்காது. போன வருஷம் ஓடி முடித்துவிட்டு அக்கா கூப்பிட்டார். "சிலையைத் தாண்டினதும் மஞ்சளைத் தேடினேன்டி. இல்லைன்னு தெரியும், இருந்தாலும் தேடினேன்" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சிநேகிதம் என்பது எனக்கு அந்த ஊரில் அப்படித்தான் பழகிப்போயிற்று. ஒருவர் தன் சக்தி தீர்ந்துபோகும் இடம் எதுவென்று முன்பே சொல்லிவிடுகிறார். நாம் அந்த இடத்தில் போய் நிற்கிறோம். இங்கே சொந்தபந்தம் நிறைய. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் ஆள் வந்து நிற்கிறது. ஆனால் ஒரு பெண் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட கஷ்டத்துக்கு, யாரும் கேட்காமல் அவளே ஆசைப்பட்டுச் செய்கிற காரியத்துக்கு, தெருவில் இறங்கி வந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்த நமக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது.

நம் ஊரிலும் இப்போது ஓடுகிறார்கள். மும்பை மாரத்தான் 2004இலிருந்து நடக்கிறது. அங்கே பெடர் ரோடு ஏற்றத்தில் குடியிருப்பவர்கள் காலையிலேயே கீழே இறங்கிவந்து பிஸ்கட்டும் பழமும் கொடுத்துக் கைதட்டுகிறார்கள் என்று ஓடியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சென்னையில் ஜனவரியில் ஓட்டம். கோவையில் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 2013 முதல் ஓடுகிறார்கள், 21 கிலோமீட்டர் வரை. வெயிலுக்கு அஞ்சி நம் பக்கத்தில் இருட்டோடு இருட்டாகத் தொடங்கிவிடுகிறார்கள். ரேஸ் கோர்ஸில் ஒரு முறை போய் நின்றேன். பெரும் கூட்டம் ஓடியது. ஓரத்தில் போலீஸ்காரர்கள், தண்ணீர் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், பால்காரர் ஒருவர், நான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சுடிதார் மேல் போட்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாகக் கடைசியில் வந்தார். சட்டையில் குத்தியிருந்த எண்ணுக்குக் கீழே பெயர் இருந்தது. அதைப் படித்து, "வாங்கம்மா, வாங்க!" என்று பெயர் சொல்லிக் கத்தினேன். திடுக்கிட்டுத் திரும்பினார். தெரிந்த முகமா என்று தேடினார். அப்புறம் சிரித்தார், நடந்துகொண்டிருந்தவர் ஓட ஆரம்பித்தார்.

உங்கள் தெரு வழியாக அடுத்த முறை ஓட்டம் வந்தால், கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வாருங்கள். அலாரம் வைத்து எழ வேண்டியிருக்கும், பரவாயில்லை. குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டி வாருங்கள், கையில் ஆரஞ்சுச் சுளை கொடுத்து நிறுத்துங்கள். ஓடுகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சட்டையில் பெயர் இருக்கும், படித்து உரக்கக் கூப்பிடுங்கள். முதலில் வருகிறவர் போனதும் உள்ளே போய்விடாதீர்கள், கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள்.